தேரி மணலில் விழுந்த பொத்தான்கள்

தங்கபுஷ்பம் தன் கணினித் திரையின் கருவிப்பட்டையிலிருந்து பனிமலைப் பொத்தானை இழுத்து வெளியே விட்ட அன்று பகல், அது சுழியன்விளைக்குத் தெற்கே, ஊற்றிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே, தேரியின் செம்மணலில் மெத்தென்று விழுந்தது. உள்ளங்கையகலச் சதுரமாக, சாம்பல் நிறமாக, ஓரம் சற்றே புடைத்து, நடுவில் மூன்று வெள்ளைக் கூம்புகள் வரைந்திருந்த அதை, முன்னால் வந்தவள் கடந்து போனாள், அடுத்து வந்தவள் காலால் தள்ளிப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் வந்தவள் குனிந்து தொட்டு, சில்லென்றிருக்கக் கண்டு, சும்மாட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு, உச்சி குளிர வீடு போய்ச் சேர்ந்தாள். அன்று மாலை ஊரில் நடந்த வழக்கெல்லாம் அது காலால் தள்ளியவளுக்குச் சொந்தமா எடுத்தவளுக்குச் சொந்தமா என்பதைப் பற்றியே நடந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மணலே வந்து விழுந்து உண்டான ஊரில், வந்து விழுகிறவற்றின் பூர்வீகத்தை விசாரிப்பது வழக்கமில்லை.

கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில், செங்கல்லை அரைத்துக் கொட்டினாற்போல மேடுமேடாய்க் கிடக்கும் தேரியின் மடியில், பனைகளையும் கொல்லாமரம் என்று ஊர் சொல்லும் முந்திரிகளையும் பற்றிக்கொண்டு நிற்கிற ஊர் சுழியன்விளை. ஆடி பிறந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று இறங்கிவிட்டால், நேற்று இருந்த மேடு இன்று இராது, இன்று நடந்த பாதை நாளை இராது, மாலையில் வாசலாக இருந்த இடத்தில் காலையில் சன்னல் உயரத்துக்கு மணல் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றினும் அதிகமாக அலைந்தது ஊரிலிருந்து தார்ச்சாலைக்குப் போகும் வண்டித்தடந்தான். ஆதலால் ஆடி மாதத்தில், காற்று சற்றே மூச்சு வாங்கும் பொழுதுகளில், ஊர் ஒன்றாகக் கிளம்பி, ஆடுகளை முன்னே விட்டு, பிள்ளைகளை நடுவே விட்டு, கெட்டியான மணல் எங்கே இருக்கிறதென்று காலாலேயே கண்டு, மிதித்து மிதித்து இறுக்கி, இரு ஓரங்களிலும் பனைமட்டைகளை நட்டுக்கொண்டே போய்த் தார்ச்சாலையைத் தொட்டுத் திரும்பும். அதற்குத் தடமிதிப்பு என்று பெயர். கலியாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், தடமிதிப்புக்கு வராதவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

தடம் நடந்துகொண்டே இருந்தது. வரைபடத்தில் அதைக் குறித்த கோடு நடக்கவில்லை. சென்ற ஆடியில் சந்தனம் என்பவளுக்குப் பிள்ளைவலி கண்டபோது, அழைத்தவுடன் புறப்பட்டு வந்த ஆம்புலன்ஸ், ஓட்டுநருடைய கைபேசியில் இருந்த கோட்டை நம்பி, என்றோ கைவிடப்பட்ட தடத்தில் இறங்கி, அச்சு வரைக்கும் மணலில் புதைந்து நின்றுவிட்டது. ஊர் திரண்டு ஓடித் தோள் கொடுத்துத் தள்ளியும் அது நகரவில்லை. பிள்ளை பிழைத்தது, சந்தனம் பிழைக்கவில்லை. அவள் கணவன் தவசிமுத்து பனையேறி. அதற்குப் பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஊர் நட்ட மட்டைகளைக் காற்றுப் பிடுங்கிப் பிடுங்கிப் போட, பனையிலிருந்து இறங்கிய நேரமெல்லாம் அவன் அவற்றைத் தேடிப் பொறுக்கித் திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் பட்ட மட்டையை நடாமல் தாண்டிப் போக அவன் காலுக்கு முடியாமற் போயிற்று.

தங்கபுஷ்பம் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் சென்னையில் பலசரக்குக் கடையில் நிற்க, மாமியார் இசக்கியம்மாளோடு இருந்துகொண்டு, காலைப் பேருந்தில் தாலுகா ஊருக்குப் போய், வரைபடப் பிரிவில் கணினியின் முன் அமர்ந்து, கிராமங்களையும் குளங்களையும் சாலைகளையும் திரையில் வரைவது அவள் உத்தியோகம். அந்த மென்பொருள் பனி பெய்யும் ஏதோவொரு தேசத்தில் பிறந்தது போலும். திறந்தவுடன் திரையின் நெற்றியிலும் இரு கன்னங்களிலும் பட்டை பட்டையாக வந்து ஒட்டிக்கொள்ளும் பொத்தான்களில், பனிமலை குறிக்க ஒன்று, மலையேற்றும் தொங்குநாற்காலி குறிக்க ஒன்று, கலங்கரை விளக்கத்துக்கு ஒன்று, திராட்சைத் தோட்டத்துக்கு ஒன்று என்று, அந்தத் தாலுகாவில் எவரும் கண்டிராதவைகளுக்கெல்லாம் இடம் இருந்தது. ஒரு வண்டித்தடத்தைச் சற்று இடம் மாற்றி வரையவேண்டுமானாலோ, ஒரு மெனுவைத் திறந்து, அதற்குள் ஒரு மெனுவைத் திறந்து, அதற்கும் உள்ளே இறங்கி, மேலிடத்தின் ஒப்புதல் கேட்டுக் காத்திருக்கவேண்டும். ஒப்புதல் வருவதற்குள் தடம் வேறிடத்துக்குப் போயிருக்கும்.

அப்பொத்தான்களை அடக்கியாள அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மதிய உணவு நேரத்தில் மற்றவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது அவள் மெனுக்களைத் திறந்தாள். பட்டையின் ஓரத்தில் புள்ளிபுள்ளியாய்த் தெரியும் கைப்பிடியைப் பற்றி இழுத்தால் பட்டை பெயர்ந்து வரும் என்பதையும், நடுவில் விட்டால் மிதக்கும், விளிம்பில் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதையும், விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பொத்தானை இழுத்தால் அது பல் பிடுங்கினாற்போல் வேரோடு வந்துவிடும் என்பதையும், வெறுமையான ஒரு பொத்தானை எடுத்து அதன் மேல் நாமே சித்திரம் எழுதலாம், பெயரிடலாம், செய்யவேண்டியதைச் சொல்லிவைக்கலாம் என்பதையும், கண்டு கண்டு, பிழைத்துப் பிழைத்து, தானாகவே தேர்ந்தாள். வீட்டுச் சாமான்களைத் தன் கைக்கு வாகாக அடுக்கிக்கொள்ளும் ஒரு பெண்ணின் சாமர்த்தியம் அது. ஆனால் எவரோ கட்டிக்கொடுத்த வீட்டின் சுவர்களையே அவள் நகர்த்தி வைத்தாள் என்பதுதான் வியக்கத்தக்கது.

காலையில் கணினியைத் திறந்ததும் சுழியன்விளையின் படத்தை விரித்து வைத்துக்கொள்வது அவள் வழக்கமாதலால், பிடுங்கி வெளியே விட்ட பொத்தான்களெல்லாம் சுழியன்விளையிலேயே விழுந்தன.

பனிமலைப் பொத்தான் பல வழக்குகளுக்குப் பின் ஞானதிரவியத்தின் பெட்டிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதை மணலில் பதித்துச் சுற்றிலும் கலர்ப் பாட்டில்களை அடுக்க, மின்சாரம் எட்டிப் பார்க்காத பகல்களிலும் அவை வியர்த்துக்கொண்டு நின்றன. தொங்குநாற்காலிப் பொத்தானைப் பெண்கள் மேட்டின் அடிவாரத்தில் வைத்தார்கள். அதன்மேல் குடத்தை வைத்துவிட்டால், அது ஆடாமல் அசையாமல் தானாக மேட்டுக்கு ஏறி, உச்சியில் போய்க் காத்திருந்தது. இசக்கியம்மாள் மட்டும் சில நாட்கள் அதைச் சீந்தவில்லை, பிறகு தானும் குடத்தை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, "எனக்கு ஒண்ணும் முட்டு வலிக்கல. கொடத்துக்குத்தான் வயசாயிட்டு" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கலங்கரை விளக்கப் பொத்தான் அந்திப்பொழுதில் தானாக எரிந்தது. அதைக் கோயில் முற்றத்தில் வைப்பதா மாதா கோயில் கூரையில் வைப்பதா என்று இரு தரப்பும் கூடிப் பேசி, மூன்று கூட்டங்கள் கலைந்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவே நின்ற பனையில் கட்டுவதென்று முடிவாயிற்று. தவசிமுத்துவைக் கட்டச் சொன்னார்கள். ஏறினான், கட்டினான், இறங்கினான், என்னவென்று கேட்கவில்லை. அப்பொத்தான்களில் எதையும் அவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

எதைத் தொட்டாலும் அதன் விவரத்தைச் சிறு பெட்டியாக அருகில் எழுதிக் காட்டும் பொத்தான் ஒன்றும் விழுந்திருந்தது. ஆடு மாறிப்போன தகராறுகளை அது தீர்த்துவைத்தது, வாய்தா கேட்காமல் தீர்த்துவைத்தது. ஆனால் பெண் பார்க்க வந்திருந்த ஒரு மாப்பிள்ளையின் மேல் பெண்ணின் தம்பி அதை வைத்துப் பார்த்துவிட, மாப்பிள்ளையின் தோளருகே, 'வகை: தற்காலிகக் கட்டுமானம்' என்று பெட்டி விரிந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழப்பார்த்தார். பெண்தான், "அத எடுத்து அங்கிட்டு வைங்க. நிரந்தரக் கட்டுமானம்னு எழுதியிருந்த எங்க மாமாதான் அத்தைய விட்டுட்டு ஓடுனாரு" என்று சொல்லி, காபித் தட்டை நீட்டினாள். கலியாணம் நடந்தது. பொத்தானை அவர்கள் வீட்டுப் பரணில் கவிழ்த்துவைத்தார்கள்.

தங்கபுஷ்பம் மாலையில் பேருந்திலிருந்து இறங்கி, மட்டைகள் நட்ட தடத்தில் நடந்து வந்து, தன்னால் வேண்டாமென்று கழிக்கப்பட்டவை ஊரில் ஆளுக்கொரு வேலையாக நிற்பதைப் பார்த்தாள். பார்த்து, தான் போட்ட கோலத்தில் பிறர் நடப்பதைக் காண்பவளைப்போல, கூச்சமும் மகிழ்ச்சியுமாக வீட்டுக்குள் போனாள்.

"இதெல்லாம் உன் ஆபீஸ்ல இருந்தாட்டி வருது?" என்றாள் இசக்கியம்மாள்.

"நான் வேண்டாம்னு எடுத்துப் போட்டது அத்தை."

"போடு, வேண்டாங்கல. சொல்லிட்டுப் போடக் கூடாதா? நேத்து ஒண்ணு கோழி மேல விழுந்துட்டு. ராத்திரி முழுக்க ஒரு மாதிரியாவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"இனிமே போன் பண்ணிட்டுப் போடுதேன்."

"அந்தத் தையக்கார லீதியா கேட்டா. ஊசி கோக்க முடியலையாம். எதையும் பெருசாக்கிக் காட்டுத பட்டன் ஒண்ணு இருக்காமே, அத எப்பம் எறியுவன்னு."

"அது எனக்கு வேணும்லா அத்தை. அது இல்லாம நான் எப்படி வேல பாக்க?"

"அப்படிச் சொன்னா கேப்பாளா? உன் மருமவ எதையும் கைவிட்டுக் குடுக்க மாட்டாங்கா."

வேண்டாதவை போன பிறகு, காலியான இடத்தில் தங்கபுஷ்பம் தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டாள். கோப்பு, தொகுப்பு, காட்சி என்று வரிசையாக நின்ற மெனுக்களின் கடைசியில், சுழியன்விளை என்றே ஒரு மெனு உண்டாக்கினாள்; இழுத்தால் அது இன்றைய தடம், நேற்றைய தடம், காற்றுத் தின்ற தடம் என்று விரிந்து தொங்கியது. கருவிப்பட்டையின் நடுவில், வெறுமையான பொத்தான் ஒன்றை வைத்து, அதன் மேல் புள்ளி புள்ளியாக, ஒரு வாரத்து மதிய வேளைகளைச் செலவிட்டு, மணலில் நட்ட பனைமட்டையை எழுதினாள். மட்டையின் இரு ஓரத்துக் கருக்கு முள்ளையும் விடவில்லை. அம்பைக் கொண்டுபோய் அதன்மேல் நிறுத்தினால், 'மிதித்தபின் அழுத்தவும்' என்று ஒரு வரி எழுந்து வரும்படி செய்தாள். மெனுவுக்குள் மெனுவாக இறங்கிச் செய்யவேண்டியவற்றையெல்லாம் அந்த ஒரு பொத்தான் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரே அழுத்தில் செய்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் கைபேசிகளுக்கு அந்த அலுவலகத்துப் படமே போய்க்கொண்டிருந்தபடியால், அவள் நகர்த்திய கோடு அக்கணமே அங்கேயும் நகர்ந்தது.

இந்த ஆடியில் அவள் அவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் பட்டுக்கனி. பட்டுக்கனி அவள் கணவனின் தங்கை. கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மருத்துவர்கள் ஆவணியில் என்றார்கள். காற்று நிற்பதற்கும் பிள்ளை வருவதற்கும் சரியாயிருக்கும் என்று ஊர் கணக்குப் போட்டது. ஆயினும் பட்டுக்கனி, வாசலில் உட்கார்ந்து தேரியைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்த வீட்டுச் சந்தனத்தின் பிள்ளை தவழ்ந்து வந்து மணலை அள்ளுவதைப் பார்க்கவேண்டியிருந்தது. "மயினி, கோடு சரியா இருக்கா?" என்று காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் கேட்பாள். "உன் கைரேகை மாறினாலும் அது மாறாது போ" என்பாள் தங்கபுஷ்பம். மிதித்து முடித்ததும் இசக்கியம்மாள் போனில் கூப்பிட்டு, "மாதா கோயில் கொல்லாமரத்துக்கு வடவாசல் பக்கமா, தவசி ஏறுத ஒத்தப்பனைக்கு இங்கிட்டு" என்று சொல்லச் சொல்ல, தங்கபுஷ்பம் அலுவலகத்திலிருந்து தடத்தை நகர்த்துவாள். இவ்விதமாக ஆடியில் பாதி நாட்கள் ஊரும் படமும் கால் மாற்றாமல் நடந்தன.

அப்போது அருள்வளவன் வந்தான். தலைமையிடத்திலிருந்து ஊர் ஊராகப் போய்க் கணினிகளைச் சீர்படுத்தும் இளைஞன். நெற்றியில் கச்சான் காற்றின் செம்புழுதியோடு, பணிவாக வணக்கம் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தவன், அவள் திரையைப் பார்த்து, சுழியன்விளை மெனுவை இழுத்து விரித்தான்.

"இது யார் பண்ணுனது மேடம்?"

"நான்தான் சார்."

"எல்லாமா? இந்த மெனு, இந்தப் பட்டன், இதுல இருக்கிற படம்?"

"முள்ளு கொஞ்சம் சாஞ்சிட்டு. அதுக்கு மேல வரல."

"நான் படிச்ச எடத்துல இப்படிச் சொல்லிக் குடுக்கல" என்றான் அவன்; அவன் சொன்னதில் முகஸ்துதி இல்லை. பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா மேடம், எல்லா ஆபீஸ்லயும் டூல்பார் ஒரே மாதிரி இருக்கணும்னு உத்தரவு. நாளைக்கு நீங்க லீவு போட்டா, உங்க எடத்துல வந்து உக்கார்றவங்க எதைத் தொடுவாங்க? பழையபடி ஆக்கிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க" என்றான்.

"ஆடி முடியட்டும் சார். ஆவணி பொறந்ததும் நீங்க வாங்க, நானே எடுத்துத் தாரேன்."

"நாளைக்கு நான் அடுத்த தாலுகாவுல இருக்கணும்."

"வீட்ல ஒரு பிள்ள மாசமா இருக்கு. அந்தத் தடத்தை இந்தப் பட்டன வச்சுத்தான் நான் நகத்துதேன்."

"எந்தத் தடம்?"

அவள் சொன்னாள். சந்தனத்தைப் பற்றியும் சொன்னாள். அவன் கேட்டான், இடையில் ஒருமுறை கைபேசியை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டுப் பார்த்தான், கூட்டத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தது. "பட்டன் போனாலும் மெனு வழியா மாத்திக்கலாம் மேடம். நானே உக்காந்து ஒப்புதல் வாங்கித் தர்றேன்" என்றான். அவன் பொய் சொல்லுகிறவன் அல்லன். ஒப்புதல் என்பது அன்றே கிடைக்கும் என்று நம்புகிற வயது அவனுக்கு. அவ்வாறு நம்பியே, மெனுவின் அடியில் இருந்த மீட்டமை என்ற சொல்லின் மேல் அம்பைக் கொண்டுபோய் அழுத்தினான்.

திரை ஒருமுறை இமைத்தது. மறுகணம், பனிமலையும் தொங்குநாற்காலியும் கலங்கரை விளக்கமும் திராட்சைத் தோட்டமும், போன பொத்தான்களெல்லாம் தத்தம் பழைய இடத்தில் வந்து பொருந்திக்கொண்டன. சுழியன்விளை மெனு சுருண்டு மேலே போய் மறைந்தது. பனைமட்டைப் பொத்தான் இருந்த இடம் மூடிக்கொண்டது. படத்தில், அன்று காலை அவள் நகர்த்தி வைத்த கோடும் போய், மேலிடம் என்றோ ஒப்புதல் கொடுத்த பழைய கோடு வந்து படுத்துக்கொண்டது. சந்தனத்துக்கு வந்த வண்டி இறங்கியது அந்தக் கோட்டில்தான்.

போன் அடித்தது.

"ஏட்டி" என்றாள் இசக்கியம்மாள். காற்று அவள் குரலைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுவந்தது. "ஞானதிரவியம் கடையில கலரெல்லாம் கொதிக்கிங்கான். மேட்டுல ஏறுன கொடம் பாதியில நிக்கி. பட்டன் எல்லாம் காக்கா மாரி எந்திரிச்சுப் பறந்து போயிட்டு. அது போகட்டும். பட்டுக்கு வலி கண்டுட்டு. வண்டிக்குச் சொல்லியாச்சு, பொறப்பட்டுட்டாங்களாம். கோட்டைச் சரியா போட்டிருக்கியாட்டி?"

தங்கபுஷ்பம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். மெனுவைத் திறந்தாள், அதற்குள் திறந்தாள், அதற்கும் உள்ளே இறங்கினாள், ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் என்று ஒரு பெட்டி எழுந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது. அருள்வளவன் தன் கைபேசியில் ஒவ்வோர் எண்ணாக அழைத்துக்கொண்டிருந்தான். எந்த எண்ணும் எடுக்கப்படவில்லை. அவன் முகத்தில் இருந்த செம்புழுதி வியர்வையில் கோடுகோடாக இறங்கியது.

"அத்தை, ஊரைக் கூட்டி மிதிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள், வேறொன்றும் தோன்றாமல்.

"இந்தக் காத்துலயா?"

"காத்துலதான்."

போனை இசக்கியம்மாள் அணைக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள் போலும். ஆடுகளின் மணியோசையும், பிள்ளைகளின் கூச்சலும், யாரோ யாரையோ, "எல, எங்ஙன நின்னு வேடிக்க பாக்க, வா மிதிக்க" என்று ஏசும் சத்தமும், இவற்றையெல்லாம் மூடிக்கொண்டு காற்றின் ஓலமும் தங்கபுஷ்பத்தின் காதில் வந்துகொண்டிருந்தன. அவள் கண் படத்தில் இருந்தது. ஒன்றும் செய்ய இயலாத கை மவுஸின் மேல் கிடந்தது.

அந்நேரம் ஊரில் நடந்ததை அவள் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அது எதிர்பாராததும் அன்று. பட்டையிலிருந்து எது நீங்கினாலும் சுழியன்விளையில் விழும் என்பது ஏற்கெனவே ஊருக்குப் பழகிப்போன நியமந்தானே. மற்றப் பொத்தான்கள் எழுந்து போன அதே கணத்தில், நீக்கப்பட்ட பனைமட்டைப் பொத்தான், வழக்கம்போல, தேரியில் வந்து விழுந்தது. ஊர் மிதித்துக்கொண்டு அங்கே வந்தபோது, ஒற்றைப்பனையிலிருந்து இறங்கிய தவசிமுத்துவின் காலடியில் அது கிடந்தது. பொத்தான்களை ஏறெடுத்தும் பாராத அவனுக்கு, அதிலும் கண்ணில் மணல் அடிக்கும் அந்தக் காற்றில், கீழே கிடந்தது பொத்தானாகத் தெரியவில்லை, மட்டையாகத் தெரிந்தது. காற்றுப் பிடுங்கிப் போட்ட மட்டை என்றே எண்ணி எடுத்தான், ஊர் மிதித்த மணலில் அழுத்தி நட்டான்; அவன் கைக்கு அது மட்டையாகவே நின்றது.

திரையில், சுழியன்விளையின் விளிம்பில், பச்சையாக ஒரு சிறு கோடு முளைத்தது.

தங்கபுஷ்பம் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஊர் மிதித்துக்கொண்டு முன்னேற, தவசிமுத்து மட்டையைப் பிடுங்கி அவர்களுக்கு முன்னே கொண்டுபோய் நட்டான். திரையில் கோடு ஒரு எட்டு வைத்தது. மறுபடியும் மிதித்தார்கள், மறுபடியும் பிடுங்கி நட்டான், மறுபடியும் ஒரு எட்டு. கொல்லாமரத்தைச் சுற்றிக்கொண்டு, புதிதாக எழும்பிய மேட்டை ஒதுக்கிவிட்டு, ஊற்றுப்பள்ளத்தின் ஓரமாக, நிதானமாக, பாரம் சுமந்து நடக்கிறவனைப்போல அந்தக் கோடு தார்ச்சாலையை நோக்கி நடந்துகொண்டே இருந்தது. அது போகப் போக, பழைய கோடு வால்பக்கத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது.

அருள்வளவன் கைபேசியைக் காதிலிருந்து இறக்கிவிட்டு அவள் பின்னால் வந்து நின்றான்.

"யார் மேடம் வரையிறது? நீங்க கையே வைக்கல."

"ஊரு வரையிது சார்."

அவன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து, அந்தக் கோடு நடப்பதைப் பார்த்தான். ஒவ்வோர் எட்டுக்கும் அவன் பாதம் தன்னையறியாமல் தரையை ஒருமுறை மிதித்தது. கோடு தார்ச்சாலையைத் தொட்டபோது, போனுக்குள், காற்றுக்கு அப்பால், மெல்லிய நூலாக ஆம்புலன்ஸின் சங்கொலி கேட்கத் தொடங்கி, வரவரப் பருத்து, ஆடுகள் கலைந்தோட, பிள்ளைகள் ஆரவாரிக்க, இசக்கியம்மாளின் இடுப்பைக் கடந்து போயிற்று.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதைப் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். பழைய தடத்தில் இறங்கவேண்டிய இடத்துக்கு வந்தபோது, அந்தத் தடம் கைபேசியில் கண்முன்னே அழிந்துகொண்டிருந்ததாம். சற்றுத் தள்ளி வேறொரு கோடு அவருக்கு எதிரே நடந்து வந்துகொண்டிருந்ததாம். "எதுத்தாப்புல வாரவங்களுக்கு வழி விடுத மாதிரி வண்டியை ஓரங்கட்டி நின்னேன். அது வந்து சேர்ந்துச்சு. அப்புறம் அது மேலயே போனேன்" என்றார்.

பட்டுக்கனியை ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பி வந்தபோது, தார்ச்சாலையின் ஓரத்தில் தவசிமுத்து நின்றுகொண்டிருந்தான். நட்ட மட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான், காற்று அதைக் கொண்டுபோய்விடாமல். வண்டியை அவன் கைகாட்டி நிறுத்தினான். சென்ற ஆடிக்குப் பிறகு ஊர் அவனிடமிருந்து முழுதாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

"தடம் கெட்டியா இருந்துச்சா அண்ணாச்சி?"

"தார் ரோடு தோத்துது" என்றார் ஓட்டுநர்.

அவன் தலையை அசைத்தான். உள்ளே படுத்திருந்த பட்டுக்கனியைப் பார்த்து, "போயிட்டு வா தாயி" என்றான்; வண்டி போன பிறகும் அது போன திசையிலேயே நின்றான். அந்தி சாய்வதற்குள் பெண் பிள்ளை பிறந்தது, தாயும் நலம் என்ற செய்தி வந்தபோது, ஊர் அவனைத் தேடியது. அவன் தடத்தின் நடுவில், அன்று மிதிபட்ட மணலின் மேல், சந்தனத்தின் பிள்ளையை நிறுத்தி வைத்து, இரு கையையும் பிடித்து நடை பழக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை தங்கபுஷ்பம் அலுவலகம் போனபோது அருள்வளவன் புறப்பட்டுக்கொண்டிருந்தான். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளிருந்து கொட்டிய செம்மணலைக் காகிதத்தில் வழித்துக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் எழுந்தான்.

"பாப்பா எப்படி இருக்கு?"

"அவ அம்மையக் கொண்டிருக்கா. அழுகை மட்டும் எங்க அத்தை."

அவன் சிரித்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் வரைக்கும் போய்விட்டு, நினைவு வந்தவனைப்போலத் திரும்பி, "மீட்டமைச்சுட்டுப் போகச் சொன்னாங்க, மீட்டமைச்சுட்டேன். பூட்டிட்டுப் போகச் சொல்லல" என்றான். அந்த மணல் பொட்டலத்தை அவன் குப்பைக்கூடையில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தங்கபுஷ்பம் அமர்ந்தாள். கணினியைத் திறந்தாள். திரையின் நெற்றியிலும் கன்னங்களிலும் பழைய பொத்தான்கள் நிறைந்து நின்றன. உற்றுப் பார்த்தபோது, அவை போனபடியே திரும்பியிருக்கவில்லை என்பது தெரிந்தது: கலங்கரை விளக்கத்தின் மேல் பனைநார்க் கட்டின் தழும்பு இருந்தது, தொங்குநாற்காலியில் குடத்தின் வட்டம் பதிந்திருந்தது, பனிமலையின் மூன்று கூம்புகளில் ஒன்று ஞானதிரவியத்தின் ஆரஞ்சுக் கலர் சிந்திச் சிவந்திருந்தது. பனைமட்டைப் பொத்தானை அவள் தேடவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய கையில் இருந்தது.

சுழியன்விளையின் படத்தை விரித்தாள். போனை எடுத்து, "அத்தை, போடப் போறேன்" என்றாள். விசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பனிமலையின் மேல் அம்பை வைத்தாள்.

சுழியன்விளையில் ஞானதிரவியம் விடிந்ததிலிருந்தே கலர்ப் பாட்டில்களை மணலில் வட்டமாக அடுக்கி, நடுவில் ஓர் உள்ளங்கையகலம் இடம் விட்டு, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசக்கியம்மாள் தன் கோழிகளையெல்லாம் கூடை கவிழ்த்து மூடியிருந்தாள்.